கதிர்வீச்சு நுட்புநர் நடைப்பயிற்சி பற்றியும் பேச வேண்டுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 3

புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில், கருவியை இயக்கிச் சிகிச்சை தரும் நுட்புநராக 6 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சிகிச்சை தொடங்கும் முன் நோயாளியின் உடலைத் தயார்ப்படுத்துவது, முடிந்த பின் அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஆகிய இரண்டைப் பற்றியும் ஆலோசனை சொல்ல எங்கள் அனைவருக்கும் 2 நாள் பயிற்சி தரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு எங்களிடம் இருப்பது ஏறத்தாழ 12 நிமிடம். படுக்கவைத்து, உடலில் இட்ட குறிகளைச் சரிபார்த்து, படமெடுத்து, 3 மில்லிமீட்டர் விலகலைச் சரிசெய்வதற்கே அந்த நேரம் போதவில்லை. புரதம் பற்றியும் நடை பற்றியும் எப்போது பேசுவது? இயன்முறை மருத்துவரும் உணவியல் நிபுணரும் எதற்கு இருக்கிறார்கள்?

மார்ச் 4, மாலை

நேரம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது மற்றவர்களின் வேலை என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. நானும் நெடுங்காலம் அதே கட்டிலருகே நின்றவன். சில ஆண்டுகளாக நீங்கள் சொல்லும் இந்தப் பயிற்சியை நடத்திக்கொண்டிருப்பவன்.

கணக்கைப் பாருங்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு 70 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) கொடுப்பதென்றால் வழக்கமாக 35 தவணை; வாரத்துக்கு 5 நாள் வீதம் 7 வாரம். புராஸ்டேட்டுக்கு 60 கிரே என்றால் 20 தவணை. மார்பகத்துக்கு 40 கிரே என்றால் 15 தவணை. இத்தனை நாளும் அந்த நோயாளியைப் பார்ப்பவர் யார்? மருத்துவர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். இயன்முறை மருத்துவரிடம், யாராவது அனுப்பிவைத்தால் மட்டுமே நோயாளி போய்ச் சேர்கிறார். நீங்கள் ஒருவர்தான், முதல் வாரத்தில் தானாக ஏறிப் படுத்தவர் நான்காம் வாரத்தில் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்க்கிறீர்கள். காத்திருப்பு அறையிலிருந்து கட்டில்வரை அவர் நடந்துவரும் அந்தச் சில அடிகள், எந்தக் கேள்வித்தாளும் சொல்லாத செய்தியைச் சொல்லிவிடுகின்றன.

12 நிமிடத்துக்குள் சொற்பொழிவு ஆற்றும்படி யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அந்தப் பயிற்சியை நானே எதிர்ப்பேன்.

மார்ச் 4, இரவு

ஒரு சொல்லைப் பற்றி மட்டும். 'மறுவாழ்வு' என்ற சொல்லை நோயாளியிடம் பயன்படுத்த வேண்டாம் என்று என் வகுப்புகளில் சொல்வதுண்டு. ஒருமுறை நான் "உங்களை மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்புகிறேன்" என்றபோது, ஒரு பெரியவர் மிகுந்த வருத்தத்துடன், தான் வாழ்நாளில் மதுவைத் தொட்டதே இல்லை என்று விளக்கினார். நம் காதில் அந்தச் சொல் குடிநோய் மையத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சிகிச்சைக்கு முன் உடலைத் தயார்ப்படுத்துவதற்கோ நல்ல சொல்லே அமையவில்லை. 'முன்மறுவாழ்வு' என்று அச்சிட்ட தாளைப் பார்த்தால் முற்பிறவி பற்றிய நூல் போலத் தோன்றுகிறது. "கரண்ட் வைப்பதற்கு முன் உடம்பைத் தேற்றிக்கொள்வது", "முடிந்தபின் தேறிவருவது" என்று நோயாளியின் பேச்சிலேயே சொன்னால் போதும்.

மார்ச் 6

நீங்கள் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை முந்தாநாளே எழுதியிருக்க வேண்டும். இடப்பக்க மார்பகச் சிகிச்சையில் இதயத்தைக் கதிரிலிருந்து விலக்குவதற்காக மூச்சை ஆழ இழுத்து நிறுத்தக் கற்றுத்தருகிறோம். வீட்டில் பழகிவரவும் சொல்கிறோம். புராஸ்டேட் நோயாளிக்குச் சிறுநீர்ப்பையை எவ்வளவு நேரத்துக்கு முன், எவ்வளவு தண்ணீர் குடித்து நிரப்புவது என்று விளக்குகிறோம். இவை உடலைத் தயார்ப்படுத்தும் ஆலோசனை இல்லையென்றால் வேறு என்ன? அவை நம் படத்தின் துல்லியத்துக்குத் தேவைப்படுவதால் 'நம் வேலை' ஆகிவிட்டன. நோயாளியின் கால் தசைக்குத் தேவைப்படுபவை மட்டும் 'அடுத்தவர் வேலை' ஆகிவிட்டன.

தோள் இன்னொரு எடுத்துக்காட்டு. அக்குளில் அறுவை முடிந்து வரும் பெண்ணால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லையென்றால் திட்டமிடலுக்கான சிடி ஸ்கேனையே தள்ளிவைக்க நேர்கிறது. அறுவைக்குப் பின் தோள் பயிற்சி செய்கிறாரா என்ற ஒரு கேள்வியை ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே கேட்டிருந்தால் அந்தத் தாமதத்தைப் பலமுறை தவிர்த்திருக்கலாம். தாடையில் கதிர்வீச்சு விழப்போகிறவருக்குப் பல் பரிசோதனை முன்கூட்டியே முடிந்ததா என்று கேட்பதும் அப்படித்தான். கதிர்வீச்சுக்குப் பின் அந்த இடத்தில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. முன்னதாகப் பிடுங்கினாலும் புண் ஆறுவதற்குக் குறைந்தது இரண்டு வார அவகாசம் வேண்டும்.

பிரிட்டனில் 2019-இல் மேக்மில்லன் புற்றுநோய் உதவி அமைப்பும் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் தேசிய உடல்நல ஆய்வு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இந்த உதவியை 3 படிகளாகப் பிரிக்கிறது: எல்லோருக்கும் பொதுவானது, குறிப்பிட்ட தேவை உள்ளவர்களுக்கானது, நிபுணர் மட்டுமே தர வேண்டியது. நுட்புநரின் இடம் முதல் படி. இரண்டாம், மூன்றாம் படியில் இருப்பவரை அடையாளம் கண்டு மேலே அனுப்புவதும் அவருடைய பணியே. உங்கள் பயிற்சி இதைத் தாண்டி உங்களை அரைகுறை இயன்முறை மருத்துவராக்க முயன்றால் எழுந்து கேள்வி கேளுங்கள்.

மார்ச் 9

"அப்படியானால் ஒரு கையேட்டை அச்சடித்துக் கொடுத்தால் போதாதா?" என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் நடத்திய முதல் பயிற்சியின் கதையைச் சொல்கிறேன்.

100-க்கும் மேற்பட்ட படவில்லைகளைத் தயாரித்தேன். தசை இழப்பின் உயிர்வேதியியலிலிருந்து மனச்சோர்வு அளவுகோல்கள்வரை எதையும் விடவில்லை. இறுதித் தேர்வில் ஏறத்தாழ அனைவரும் முழு மதிப்பெண் பெற்றார்கள். நான் மகிழ்ந்துபோனேன். இரண்டு மாதம் கழித்துச் சிகிச்சை அறையின் ஓரத்தில் நின்று கவனித்தபோது, ஒரே ஒருவர் மட்டும் ஒரே ஒரு நோயாளியிடம் ஒரே ஒருமுறை நடைப்பயிற்சி பற்றிப் பேசினார். அவரும் என்னைப் பார்த்த பின்புதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஏன் என்று கேட்டேன். அறிவுக் குறைவை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. "நான் சொல்வது தவறாகப் போய்விட்டால் யார் பொறுப்பு?" என்றார் ஒருவர். "இவ்வளவு துன்பத்தில் இருப்பவரிடம் உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று எந்த முகத்தோடு கேட்பது?" என்றார் இன்னொருவர். "எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை" என்பதுதான் பெரும்பாலோரின் பதில். மூன்றாமவர் மிக நேர்மையாக, "நானே நடப்பதில்லை, அதனால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது" என்றார். படவில்லைகளில் இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட விடை இல்லை.

இப்போது முதல் நாளின் முற்பகலில் பெரும்பகுதி பேசிப் பழகுவதுதான். ஒருவர் நோயாளி, ஒருவர் நுட்புநர், ஒருவர் கையில் கடிகாரம். அளவு 40 விநாடி. விதி இதுதான்: முதலில் கேட்க வேண்டும், பிறகு நோயாளியின் அனுமதியோடு ஒரே ஒரு செய்தி சொல்ல வேண்டும், அடுத்த நாள் அதைப் பற்றி மறுபடியும் கேட்க வேண்டும். "இப்போதெல்லாம் ஒரு நாளில் எவ்வளவு நேரம் எழுந்து நடமாடுகிறீர்கள்?" என்று தொடங்கலாம். "இந்த அசதிக்குச் சிலருக்கு உதவிய ஒன்று இருக்கிறது, சொல்லட்டுமா?" என்று தொடரலாம். "நீங்கள் நடக்க வேண்டும்" என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. புகைப்பழக்கத்துக்கும் இதே முறைதான். சிகிச்சைக் காலத்தில் தொடர்ந்து புகைத்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் கதிர்வீச்சின் பலன் குறைவாக இருந்ததை 1993-இலேயே ஆய்வு காட்டியிருக்கிறது. அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் செய்தியாகச் சொல்லக் குரலைப் பழக்க வேண்டியிருக்கிறது. அதை எந்தக் கையேடும் செய்யாது.

மறுநாள் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நுட்புநருக்கு மட்டுமே 'நாளை' என்று ஒன்று நிச்சயமாக உண்டு.

மார்ச் 10

அசதிக்கு நடையா என்று வியந்தவர்களுக்கு. "நன்றாக ஓய்வெடுங்கள்" என்பது நம் துறையின் பிரியாவிடை வாக்கியமாகவே நெடுங்காலம் இருந்தது. நானும் ஆயிரக்கணக்கானோருக்கு அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 46 பெண்களைக் கொண்டு நடந்த நடைப்பயிற்சி ஆய்வு 1997-இலேயே வெளிவந்துவிட்டது. நடந்தவர்களுக்கு அசதி குறைவாக இருந்தது. புராஸ்டேட் கதிர்வீச்சில் இருந்த 121 ஆண்களைக் கொண்ட ஆய்வு 2009-இல் வந்தது. அதில் எடைப் பயிற்சியும் அசதியைக் குறைத்தது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2019 பரிந்துரையை எளிமையாகச் சொன்னால், மிதமான வேகத்தில் 30 நிமிடம், வாரத்துக்கு 3 நாள். அதோடு தசை வலுப் பயிற்சி வாரத்துக்கு 2 நாள். குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை பெறுபவர்களுக்குச் சிகிச்சைக் காலத்திலேயே இரு வகைப் பயிற்சிகளையும் பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2022-இல் எழுதியது.

மிதமான வேகம் என்பதற்குக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதைச் சொன்னதும் ஒருவர், தன்னால் உட்கார்ந்திருந்தாலும் பாட முடியாது என்றார். அவருக்கு வேறு அளவுகோல் தேட வேண்டியதாயிற்று.

மார்ச் 13

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது, யாராவது அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் எல்லோரையும் நடக்கச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். என் தவறு ஒன்றை எழுதிவிடுகிறேன்.

பயிற்சியெல்லாம் வருவதற்கு முன் நடந்தது. மார்பகச் சிகிச்சையின் மூன்றாம் வாரத்தில் இருந்த ஒருவர், கால் கனக்கிறது, இரவில் படுத்தால் முதுகு வலிக்கிறது என்றார். அசதி என்று முடிவுகட்டி, கொஞ்சம் கூடுதலாக நடந்துபாருங்கள் என்றேன். அதையே அவர் மறுநாள் செவிலியரிடம் சொல்ல, அவர் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரை அழைத்தார். முதுகெலும்பில் பரவிய கட்டி தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியிருந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்துவிட்டது. என் அறிவுரையால் கெடுதல் விளையவில்லை என்று பலரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஒரு நாளை நான் இன்றும் எண்ணிப்பார்ப்பதுண்டு.

அதனால் இப்போது பயிற்சியின் முதல் மணி நேரம், எப்போது வாயை மூடிக்கொண்டு தொலைபேசியை எடுப்பது என்பதுதான். புதிதாக வந்த அல்லது கூடிக்கொண்டே போகும் முதுகுவலி, குறிப்பாகப் படுத்தால் அதிகமாவது, காலில் வலுக்குறைவு அல்லது மரத்துப்போதல், சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம், மார்பு வலி, சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்பு, காய்ச்சல், தலைச்சுற்றல். எலும்பில் நோய் பரவியிருப்பது தெரிந்த எவருக்கும் பயிற்சி பற்றிய பேச்சே இயன்முறை மருத்துவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்கள் நகரவே கூடாது என்பதில்லை. எந்த எலும்பில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை முடிவுசெய்யும் தகுதி நமக்கு இல்லை.

இந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்ல முடியாதவரைக் கட்டிலருகே ஆலோசனை சொல்ல விடக்கூடாது என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். சிலர் கடுமை என்கிறார்கள். இருக்கட்டும்.

மார்ச் 14

அதற்காக மறுபக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். அச்சத்தால் சொல்லப்பட்ட அறிவுரைகளும் தீங்கு செய்திருக்கின்றன. மார்பக அறுவை முடிந்த பெண்களிடம், கை வீங்கிவிடும், எதையும் தூக்காதீர்கள் என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்தோம். கைவீக்கம் ஏற்கெனவே இருந்த 141 பெண்களை வாரத்துக்கு இருமுறை படிப்படியாக எடை தூக்கவைத்த ஆய்வு 2009-இல் வெளியானது. அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, நோய்க்குறிகளின் தீவிரம் குறைந்தது. அங்கே பயிற்சி மேற்பார்வையில் தொடங்கியது, மெல்ல ஏறியது, அழுத்த உறை அணிந்து நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மார்ச் 17

"35 தவணை, 20 தவணை என்று எழுதினீர்களே, எங்களிடம் மார்பகத்துக்கு 5 தவணையில் முடிந்துவிடுகிறதே" என்று ஒருவர் பிடித்துவிட்டார். சரியான பிடி. 26 கிரேயை 5 தவணையாக ஒரே வாரத்தில் தரும் முறை 3 வார முறைக்குக் குறைந்ததில்லை என்று 2020-இல் பிரிட்டன் ஆய்வு காட்டிய பின் பல இடங்களில் அது வழக்கமாகிவிட்டது. புராஸ்டேட்டிலும் 5 தவணைச் சிகிச்சை பெருகிவருகிறது. மார்ச் 4-இல் நான் கட்டிய வாதம், தினமும் பார்ப்பவர் என்பதில் நிற்கிறது. 5 நாளில் முடிந்தால் அந்தச் சுவர் தாழ்ந்துபோகிறது.

இரண்டு நாள் யோசித்தேன். வாதத்தை முழுவதும் கைவிட மாட்டேன், இடம் மாற்றுவேன். குறுகிய சிகிச்சையில் பேச்சின் கனம் திட்டமிடல் ஸ்கேன் நாளுக்கு நகர வேண்டும். ஸ்கேனுக்கும் முதல் தவணைக்கும் நடுவே உள்ள ஓரிரு வாரம்தான் தேற்றிக்கொள்ளும் காலம். மறுமுனையில், முடிந்த பின் ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டும். நெடிய சிகிச்சை பெறுபவருக்கு 'நாளை' தானாக வருகிறது; குறுகிய சிகிச்சை பெறுபவருக்கு அதை நாம் ஏற்பாடு செய்ய வேண்டும். என் பயிற்சித் திட்டத்தில் இது இதுவரை இல்லை. சேர்க்கிறேன்.

மார்ச் 19

முடிந்த பின் என்று எழுதிவிட்டு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசித் தவணையோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நோயாளி நம்பிப் போகிறார். தோல் எரிச்சலும் வாய்ப்புண்ணும் அசதியும் முடிந்த அடுத்த ஓரிரு வாரத்தில்தான் உச்சத்தைத் தொடுவது வழக்கம். இதை முன்கூட்டியே கேட்டிராதவர், நோய் திரும்பிவிட்டது என்று வீட்டில் அஞ்சிக்கொண்டிருப்பார்.

தாடை இறுக்கம் மாதங்கள் கழித்தும் வரும். வாய் 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் அது இறுக்கம் என்று கொள்வது வழக்கம்; வீட்டில் பார்க்க, அவருடைய 3 விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கச் சொல்லலாம். முதல் நாள் நுழைந்த மூன்று விரல் இப்போது இரண்டாகிவிட்டதா என்பதை அவரே கண்டுகொள்வார். விழுங்கும் தசைகளையும் விடாமல் பழக்க வேண்டும்: வலித்தாலும் முடிந்தவரை வாய்வழியாக விழுங்கிக்கொண்டே இருந்தவர்களும் பயிற்சியை விடாதவர்களும் பின்னாளில் நன்றாக உண்கிறார்கள். பயிற்சிகளைக் கற்றுத்தருபவர் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர்; "இன்று செய்தீர்களா?" என்று கேட்பவர் நாம்.

இடுப்புப் பகுதிச் சிகிச்சை பற்றி எவரும் இங்கே கேட்கவில்லை, வகுப்பிலும் கேட்பதில்லை. கருப்பைவாய்க் கதிர்வீச்சுக்குப் பின் யோனி குறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விரிப்பான் பயன்படுத்துவது பற்றி ஒரு பெண்ணிடம் யாராவது பேசியாக வேண்டும். செவிலியர் சொல்லியிருப்பார் என்று மருத்துவர் நினைக்கிறார், மருத்துவர் சொல்லியிருப்பார் என்று செவிலியர் நினைக்கிறார். வகுப்பில் இந்தப் பகுதியை நான் எடுப்பதில்லை. அனுபவமுள்ள ஒரு பெண் சகா எடுக்கிறார். அவர் செய்வது எளிமையானது. அந்தச் சொற்களை எல்லோரையும் உரக்கச் சொல்லவைக்கிறார், சிரிப்பு அடங்கும்வரை. அரை மணி நேரத்தில் அடங்கிவிடும்.

மார்ச் 21

முதல் கேள்வியில் இருந்த 3 மில்லிமீட்டருக்கு வருகிறேன். அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

தலை, கழுத்து நோயாளி எடை குறைந்தால், சிகிச்சையின்போது தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் தளர்கிறது. தளர்ந்தால் நீங்கள் சரிசெய்ய வேண்டிய விலகல் கூடுகிறது. மேலும் குறைந்தால் புது மாஸ்க், மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். புரதம் பற்றிப் பேச நேரமில்லை என்றீர்கள். அவர் போதிய அளவு உண்ணாத ஒவ்வொரு வாரத்துக்கும் உங்கள் கட்டிலருகே நேரம் போகிறது. ஐரோப்பிய உணவூட்ட வழிகாட்டி ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 முதல் 30 கிலோகலோரியும், 1 கிராமுக்கு மேல் முடிந்தால் 1.5 கிராம்வரை புரதமும் என்கிறது. இந்தக் கணக்கை நோயாளியிடம் நீங்கள் போட வேண்டாம்; அது உணவியல் நிபுணரின் பணி. வாரத்துக்கு ஒருமுறை, அதே எடைக்கருவியில், காலணி இல்லாமல் எடை பார்த்துப் பதிந்து, குறைந்தால் அன்றே சொல்லி அனுப்புங்கள். மாஸ்க் தளர்வதைக் கண்ணால் முதலில் காண்பவர் எடைக்கருவியைவிட முந்திக்கொண்டவர் என்பதையும் கவனியுங்கள்.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா என்று கேட்பார்கள். கட்டிக்கு முன் அவர் பட்டினி கிடப்பார் என்று சொல்லிவிடுங்கள்.

மார்ச் 24

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார்; அவர் அனுமதியோடு இங்கே பதில். பயிற்சிக்குப் போகும் முன் என்ன கேட்க வேண்டும் என்கிறார்.

ஒரு தாள் கேளுங்கள். அதில் யாரை, எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைப்பது என்று பெயரோடு இருக்க வேண்டும்: இயன்முறை மருத்துவர், உணவியல் நிபுணர், விழுங்கல் சிகிச்சையாளர், மனநல ஆலோசகர், அவசரத்துக்கு மருத்துவர். அனுப்பிவைக்க ஆளில்லாத இடத்தில் தேவையைக் கண்டுபிடிக்கப் பழக்குவது நுட்புநருக்கும் நோயாளிக்கும் செய்யும் கொடுமை. அடுத்து, சிகிச்சைப் பதிவேட்டில் "கேட்டேன், சொன்னேன், அனுப்பினேன்" என்று எழுத ஒரு வரி இடம். அது இல்லையென்றால் திங்கட்கிழமை நீங்கள் சொன்னதைச் செவ்வாய்க்கிழமை உங்கள் சகா அறிய வழியில்லை, 'நாளை' என்று நான் இவ்வளவு பேசியது வீண். மூன்றாவதாக, இந்த ஆலோசனை உங்கள் பணிவிவரத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், "யார் பொறுப்பு?" என்ற அந்தச் சகாவின் கேள்விக்கு அதுதான் விடை.

தாள் தயாராகவில்லை என்றால் பயிற்சித் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். நான் இருமுறை தள்ளியிருக்கிறேன். இரண்டாம் முறை தாள் ஒரே நாளில் வந்துவிட்டது.